அடுப்பு மூட்டாத நாட்கள்

அப்பாவுக்குக் குளிரத் தொடங்கிய வருடம் நாங்கள் நொஷாட்டல் நகருக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இருபது வருடம் உணவகக் குசினியில் வியர்த்தவர், இரத்தத்தில் வந்த நோயால் மெலிந்து, கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். வீட்டில் இருந்தது ஒரு திறந்த ஷெமினே. சுவரோடு கட்டிய கல் கணப்பு. அதில் ஒரு கல்லையும் மாற்றக்கூடாது, கண்ணாடிக் கதவும் போடக்கூடாது என்று வீட்டுக்கார அம்மா முதலிலேயே கையெழுத்து வாங்கியிருந்தார்.

எனக்கு அப்போது இருபது வயது. தினமும் ரயிலில் போய்வந்து லொசானில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். மாற்றாமலே சூட்டைக் கூட்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டேன். முதல் நாள் பதினேழு. நன்றாகக் காய்ந்த பீச் மரத்து விறகாகப் பார்த்து வாங்கினேன். பெரிய கட்டைகளை அடியில் அடுக்கி, சுள்ளியை உச்சியில் வைத்து, மேலிருந்து கொளுத்தினேன். இந்த ஊரில் அப்படித்தான், புகை குறையும்.

"மேலை மூட்டினா கீழை எப்பிடிப் பிள்ளை பத்தும்?" குசினி வாசலில் அகப்பையோடு நின்றார் அம்மா.

"பத்தும் அம்மா, பாருங்கோ."

"விஞ்ஞானி சொல்லுறா, நீர் பேசாமல் நில்லும்," என்றார் அப்பா.

பற்றியது. பதினேழரை. சாம்பலை முழுதும் அள்ளாமல் மெத்தை போல விட்டேன். ஒரு பழைய இரும்புத் தகட்டைப் பின்சுவரில் சாய்த்துவைத்தேன். சூடு அதில் பட்டு அறைக்குத் திரும்பியது. நெருப்பு முற்றாக அணைந்தபின் புகைபோக்கியின் மூடியைச் சாத்தினேன். பதினெட்டு. அதற்கு மேல் அசையவேயில்லை.

"எவ்வளவு?" என்று அப்பா தினமும் கேட்பார்.

"பதினெட்டு."

"ஓம், நல்ல சூடாத்தான் கிடக்கு." சொல்லும்போது பல் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்கும்.

தை மாதத்தில் ஒரு காலை அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வீட்டு வாசலில் நின்று, "இருபத்தொண்டு ஆக்கிப்போட்டுச் சொல்லு, வாறன்," என்றார்.

வரவில்லை.

இறுதிக்கிரியைக்கு நான்கு நாள் இருந்தது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினர்கள்தான் சோறும் கறியும் கொண்டுவந்தார்கள். இரண்டாம் நாள் காலை, கை பழகிய பழக்கத்தில் ஷெமினேயை மூட்டிவிட்டேன்.

"செத்த வீட்டிலை நெருப்போ?" என்றார் சித்தி.

"அது சமைக்கிற அடுப்பில்லை," என்றார் அம்மா. "அந்தாளுக்கெண்டு பிள்ளை மூட்டுற நெருப்பு. எரியட்டும்."

மத்தியானம் எல்லோரும் போய்விட்டார்கள். நானும் அம்மாவும் மட்டும். வெப்பமானியைப் பார்த்தேன். இருபத்தொன்று.

அதே விறகு, அதே தகடு. புதிதாக நான் எதுவும் செய்யவில்லை. அப்படியானால் என்ன மாறியது? வீடு முழுக்கத் தேடினேன். குசினியில் போய் நின்றேன். யன்னல் சாத்தியிருந்தது.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, முன்பு குடியிருந்த டீட்டிகோன் ஊர் மாடிவீட்டில் எங்கள் கதவில் யாரோ ஒரு தாள் ஒட்டினார்கள்: உங்கள் கறி மணக்கிறது. அதற்குப் பிறகு அம்மா யன்னலைத் திறக்காமல் எண்ணெய் காயவைத்ததேயில்லை. இந்த மலையில் எங்களுக்குப் பக்கத்தில் மாடுகள்தான். ஆனாலும் அவர் கைக்கு அது தெரியவில்லை. அப்பாவுக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது இறங்கவேண்டும் என்று காலையிலிருந்து மாலைவரை ரசம், சொதி, மீன் என்று சமைத்தார். காலையிலிருந்து மாலைவரை யன்னலும் திறந்தே கிடந்தது. குசினிக்கும் அறைக்கும் நடுவில் கதவு கிடையாது. நானும் அந்த யன்னலுக்குப் பக்கத்தில் இருந்துதான் தினமும் சாப்பிட்டேன். குளிர்காலம் முழுக்க நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அங்கை என்ன பாக்கிறாய்?" என்றார் அம்மா.

"ஒண்டுமில்லை."

"யன்னலைத் திறந்துபோடாதை பிள்ளை. வெளியிலை சரியான குளிர்."

எல்லாம் முடிந்து ஒரு வாரத்தில் அம்மா மறுபடி சட்டியை வைத்தார். எண்ணெய் ஊற்றுமுன் அவர் கை தானாக யன்னலுக்குப் போனது. மலைக்காற்று உள்ளே வந்தது. அந்த யன்னலைப் பற்றி அம்மாவிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

"வெங்காயத்தை வெட்டித் தாவன்," என்றார்.

கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.