இலை மாறிய போர்டு

சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு பிளெக்ஸ் கடையில் ஒன்பது வருஷம் படம் தேடித் தந்தவள் மணிமேகலை. பல் டாக்டர், வீட்டுமனைக்காரர், நர்சரி ஸ்கூல், யார் போர்டு கேட்டு வந்தாலும் முதலாளி ஜெபராஜ் இணையத்தில் விலைக்கு வாங்கிய ஒரே படத்திலிருக்கும் குடும்பத்தைத்தான் சிரிக்க வைப்பார். லால்குடி வரைக்கும் அந்தக் குடும்பம் ஏறாத போர்டு கிடையாது. "இவங்களுக்கு நம்ம ஊர்லயே ரேஷன் கார்டு குடுத்துடலாம் சார்" என்று மணிமேகலை கேலி செய்வாள்.

போன மாதம் மன்னார்புரத்தில் சொந்தமாக டிசைன் கடை போட்டாள்; அச்சடிக்க மட்டும் ஜெபராஜிடம்தான் போக வேண்டும். முதல் வேலை ஆனந்தவள்ளியின் போர்டு. பத்து வருஷம் அடுத்தவர் பெயரில் கல்யாணச் சமையல் செய்த அந்த அம்மா, ஸ்ரீரங்கத்தில் தன் பெயரிலேயே கேட்டரிங் தொடங்குகிறார். திறப்பு விழாவுக்கு லால்குடியிலிருந்து பெரியண்ணன் என்பவர் பதினொரு மணிக்கு வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் அவர் பெண்ணின் கல்யாணம்தான் முதல் ஆர்டர்.

இரண்டு நாள் தேடி, இலைச் சாப்பாட்டுப் படம் ஒன்றை மணிமேகலை வாங்கினாள். பெயர் வர வேண்டிய இடத்தில் பாயசம் இருந்தது. பழைய கடையில் செய்த மாதிரியே படத்தை இடவலமாகத் திருப்பினாள். பெயர் ஜம்மென்று உட்கார்ந்தது.

திறப்பு விழா அன்று காலை எட்டு மணிக்குப் போர்டைக் கட்டியதும் ஆனந்தவள்ளி முகம் சுளித்தார்.

"ஏம்மா, இலை நுனி வலப்பக்கம் கெடக்குதே! பாக்குறவங்க கருமாதிச் சாப்பாடுன்னுல்ல நெனப்பாங்க?"

மணிமேகலை போர்டை அண்ணாந்து பார்த்தாள். இதுவரை ஆயிரம் முகங்களைத் திருப்பிப் போட்டிருக்கிறாள், ஒருவரும் கேட்டதில்லை. கடைசியில் ஓர் இலை மானத்தை வாங்கிவிட்டது.

"நேரா வச்சா உங்க பேரு பாயசத்துல முங்கிடும்க்கா. சமையல் ஆயிடுச்சா?"

"எல்லாம் ரெடி."

"அப்ப ஒரு இலை போட்டுப் பரிமாறுங்க."

நுனி இடப்பக்கம், பெயருக்குத் தாராளமாக இடம். ஆனந்தவள்ளி குனிந்து கூட்டு வைத்தபோது மணிமேகலை போனில் படம் எடுத்தாள்.

"ஐயோ, எண்ணெய் தெறிச்ச தழும்பெல்லாம் தெரியுது. படத்துலேருந்து கைய வெட்டிடும்மா."

"இருக்கட்டும்க்கா. விலைக்கு வாங்குன படத்துல இந்தக் கை கெடைக்காது."

வண்டியை முறுக்கிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி ஜெபராஜிடம் ஓடினாள். மனுஷர் வரிசையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு அச்சடித்துக் கொடுத்தார். பத்தே முக்காலுக்குப் புதுப் போர்டு ஏறியது. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பெரியண்ணன் வந்தார். போர்டைப் பார்த்தார், பந்தியில் உட்கார்ந்தார். ஆனந்தவள்ளி சாம்பார் ஊற்றினார். அவர் சோற்றைப் பிசையாமல் அந்தக் கையையே பார்த்தார்.

"போர்டுல இருக்கறது இந்தக் கைதானேம்மா?"

"ஆமாங்க."

பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய்.

"தை மாசம் எங்க வீட்டுக் கல்யாணத்துக்கும் இதே கை வரணும்."

ஆனந்தவள்ளி அவர் இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். மணிமேகலைதான் முந்திக்கொண்டு, "கண்டிப்பா வரும்ங்க!" என்றாள்.