மலையில் வளர்ந்த நுரையீரல்

ஜெசிந்தா மேடம் போய்விட்டார் என்று கீழ்வேளூரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தபோது, நான் பாபநாசத்தில் மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கல்லூரி விலங்கியல் துறையில் எங்களோடு இருந்த நீங்களெல்லாம் எந்தெந்த நாட்டில் இருக்கிறீர்களோ. அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆளாளுக்கு பாஸ்போர்ட் எடுத்தபோது, மேடமும் கணவரோடு தென்னமெரிக்க மலைநகரம் ஒன்றுக்கு ஆராய்ச்சிக்குப் போனார். "வயல்ல எலி பிடிக்கிற ஊர்லேருந்து எலி வளர்க்கப் போறீங்களா?" என்று கேலி செய்துதான் வழியனுப்பினோம்.

காற்று குறைந்த அந்த உயரத்தில் பிறந்த எலிக்குட்டிக்கு நுரையீரல் பெரிதாக வளரும். வளர்ந்தபின் மேலே கொண்டுபோன எலிக்கு ரத்தம் மட்டும் கெட்டிப்படும். கீழே இறக்கினால் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும். குட்டியிலேயே பெருத்த நுரையீரலோ சுருங்காது. ஆயுள் முழுக்க இதைத்தான் ஆராய்ந்தார். "நான் ரத்தம் மாறின கேஸ் சார். அங்கயே பொறந்த என் பையனுக்கு நுரையீரலே வேற" என்பார்.

கணவர் அங்கே இறந்தபின் தனியாகக் கீழ்வேளூர் திரும்பினார். ஞாயிறு பூசை முடிந்ததும் எனக்கு போன் வரும். அந்த வாரத்தில் அவர் பேசிய ஒரே ஆள் நான்தான் என்று சில நாள் தோன்றும். ஒருமுறை நேரில் போனேன். மாடியறையில் உறை பிரிக்காத புது மெத்தை.

"யாருக்குங்க இது?"

"பையனுக்குத்தான். ஒருவேளை வந்தா?"

"வரச் சொன்னீங்களா?"

"மலையில வளர்ந்த உடம்பு சார். கீழ வான்னு சொல்றது நியாயமில்ல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரிய நுரையீரல் இங்க வந்தா கெட்டா போகும்? கீழ இறக்கின உங்க எலி ஒண்ணுகூட சாகலையே!"

"சாகாது சார். வீணாப்போகும்" என்று சிரித்தார்.

மகன் மறுத்துவிடுவானோ என்கிற பயத்துக்குத்தான் எலியைத் துணைக்கு இழுக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. காபி குடித்துவிட்டுக் கிளம்பி வந்தேன்.

அடக்கத்துக்கு மகன் வந்தான். அகன்ற மார்பு, அம்மாவின் அதே பேச்சு. கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் சொன்னான்: "அப்பா போனப்பவே அம்மாகூட இங்க வந்துடலாம்னு இருந்தேன் அங்கிள். அம்மா ஒரு தடவைகூட வான்னு சொல்லல. நான் வர்றது பிடிக்கலபோலன்னு விட்டுட்டேன்."

மேடத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவன் போன் எண் ஒன்றுதான். அவசரத்துக்கு என்று அவர் கொடுத்து வைத்தது. அவர் இறந்ததைச் சொல்லத்தான் அதை முதன்முறையாக அழைத்தேன்.