நான் வைத்த சிரிப்பு

அண்ணாச்சி வரைந்த மாரியம்மன் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து விஸ்வநத்தத்தில் இறங்கும் பெண்கள், வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் ஒரு நிமிடம் நிற்பார்களே, அப்படி உதட்டை லேசாக அழுத்திக்கொண்டிருந்தாள். உள்ளே அடுப்பு வேலை கிடக்கிறது என்று தெரிந்த முகம். எங்கள் காலண்டர் அச்சகத்தில் சாமி படம் வரைந்தவர் அவர்தான். பக்கத்து அறையில் கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைச் செப்பனிடுவது என் வேலை. அந்த அம்மனைப் பார்த்ததும் எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கத் தோன்றியது.

ஏஜென்டுகளுக்குத் தோன்றியது வேறு. “சாமி சிரிச்சாத்தான கல்லாவுக்கு மேல மாட்டுவாக?” என்றார்கள். முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். “சீசன் நேரம். அவருகிட்டச் சொன்னா ஒரு வாரம் யோசிப்பாரு. நீயே அந்த உதட்டக் கொஞ்சம் தூக்கி விட்டுரு தாயி.” டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். ஒட்டுப்போட்ட தடம் தெரியாது. என் வேலையில் எனக்கு அந்தத் திமிர் உண்டு. பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்தேன். அண்ணாச்சி வரைந்த அசல் பலகைக்கும், வழக்கம்போல, வெள்ளை அடித்து அடுத்த படத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அச்சான தாளை அண்ணாச்சி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று பயந்துகொண்டிருந்தேன். “சுத்தமான வேல” என்றார், அவ்வளவுதான். வைதிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அடுத்து அவர் கொண்டுவந்த லட்சுமிக்குக் கண், மூக்கு, நகை எல்லாம் இருந்தன. வாய் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமனே கிடந்தது. “அத நீ வச்சுக்க தாயி. எப்படியும் நீதான வைக்கப்போற” என்றார். அதன்பிறகு சரஸ்வதி, முருகன், தவழும் கண்ணன் என்று எல்லோருக்கும் ஒரே சிரிப்பு, நான் வைத்தது. நோகாமல் நோன்பு கும்பிட்டு எனக்கும் ஆர்ட்டிஸ்ட் என்று பெயர் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல இப்போது கூசுகிறது.

போன வருடம் அண்ணாச்சியின் மனைவி காய்ச்சலில் இறந்துபோனார். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். நான் முன்பின் பார்த்ததில்லை. துட்டி வீட்டில்தான் முதன்முதலாக அந்த முகத்தைப் பார்த்தேன். நான் திருத்துவதற்கு முன்பிருந்த மாரியம்மன், அதே அழுத்திய உதட்டோடு அங்கே படுத்திருந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அஞ்சலி போஸ்டர் அடிக்க அண்ணாச்சி வந்தார். மனைவியை அவரே வரைந்திருந்தார். வாய் இல்லை. “கல்யாண போட்டோ ஒண்ணுதான் இருக்கு, அதுலயும் குனிஞ்சுக்கிட்டு இருக்கா. கண்ணு வந்துருச்சு. வாய் மட்டும் வரமாட்டேங்குது. வரஞ்சு வரஞ்சு அழிச்சுட்டேன். கைக்கு மறந்துபோச்சு தாயி, நீ வச்சுக் குடு.”

அந்த வாய் இருந்த ஒரே படத்தை அழித்தவளிடம் வந்து கேட்கிறார். என் சிரிப்பை எடுத்து ஓரங்களைக் கீழே இறக்கிப் பார்த்தேன். யாரோ அழுமூஞ்சிப் பெண் வந்தாள். அழுத்திப் பார்த்தேன், சிடுசிடுப்பு வந்தது. இருக்கிற வாயைப் பிசிறில்லாமல் ஒட்ட எனக்குத் தெரியும். ஒருத்தி எதற்காக உதட்டை அழுத்திக்கொள்கிறாள் என்று பார்த்து வரைய வராது. கைவேலைக்காரிக்கும் கலைஞனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அதுதான். கடைசியில் என்னிடம் இருந்த சிரிப்பையே வைத்தேன்.

அண்ணாச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒருநாளும் இவ இப்படிச் சிரிச்சதில்ல” என்றார். பிறகு அவரே, “சரி, அடிச்சிரு தாயி. போன எடத்துலயாவது சிரிக்கட்டும்” என்றார்.

அடித்துக் கொடுத்தேன். இந்த சீசன் காலண்டருக்கும் அந்தச் சிரிப்பைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு எனக்கு வராது.