பாதியாகச் சுண்டிய தண்ணீர்

“இத்தனூண்டு டப்பாவுக்கு என்னம்மா தெரியும்? தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குது, பாரு” என்று அண்ணி சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான் ஒருத்திதான். வேதியியல் படித்து, போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். என்னிடமா இந்தப் பேச்சு?

அண்ணன் மகளுக்கு நான்கு வயது. முழங்காலுக்குக் கீழே கால்கள் வில்லாக வளையத் தொடங்கியிருந்தன. கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டதே, “என்ன தண்ணி குடிக்கிறீங்க?” அதனால்தான், எலும்பை வளைக்கும் ஃபுளோரைடு தண்ணீரில் எவ்வளவு என்று பார்க்கும் அந்தக் கையடக்கக் கருவியைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்திருந்தேன். சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டால் சிவக்கும். ஃபுளோரைடு கூடக்கூட மஞ்சளாக வெளுக்கும். அந்த நிறத்தைக் கருவி எண்ணாகக் காட்டும்.

தெருக்குழாய்த் தண்ணீர் மஞ்சளானது.

“மஞ்சள்னா மங்களம்தானே?” என்றாள் அண்ணி.

“மங்களமில்ல அண்ணி, விஷம். குழந்தைக்குக் குடுக்குற தண்ணியக் கொண்டாங்க.”

காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்தாள். எண் முன்னதைவிட ஏறியது. கருவியில்தான் கோளாறு என்று நினைத்தேன். சோதனைக் குழாயைக் கழுவிக் கழுவி மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அதே எண்.

காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகப் போக, அது மிஞ்சிய தண்ணீரில் அப்படியே தங்கி இன்னும் செறிவாகும். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம்தான். ஆனால் குழந்தை பிறந்தபோது அண்ணியிடம், “பாதியா சுண்டுற வரைக்கும் காய்ச்சிக் குடுங்க” என்று சொன்னவள் நான்.

நான் காய்ச்சச் சொன்னதுதான் தப்பு என்று அண்ணியிடம் சொன்னேன். அவளிடம் மறைக்க முடியவில்லை.

அண்ணி கத்தவில்லை. “படிச்ச புள்ள சொல்லுதுன்னு ஒருநாள்கூட விடலியேம்மா. மாந்தோப்பு வேலைக்கு நேரமானாலும் அடுப்பு பத்த வெச்சிட்டுத்தானே போனேன்” என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று தெரு முழுக்கச் சோதித்தேன். எல்லா வீட்டிலும் மஞ்சள். கடையில் வாங்கிய கேன் தண்ணீரும் மஞ்சள். அதுவும் இதே ஊர் போர்த் தண்ணீர்தான். அண்ணன் கூலி வேலை செய்யும் தோட்டத்துத் திறந்த கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தான். அது மட்டும் சிவப்பு மாறவில்லை. அந்தக் கிணற்றில் எங்கள் தெருக்காரர்களை இதுவரை குடம் வைக்க விட்டதில்லை.

“முதலாளி கிட்ட எப்படிக் கேக்கறது? வேலைய விட்டே நிறுத்திடுவாரு” என்றான் அண்ணன்.

“நீ கேக்காத. நான் கேக்கறேன்.”

கால்கள் நேராகுமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன். முதலில் தண்ணீரை மாற்றுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்.

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் ஏறவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்தேன். நாய் குரைத்தது. தோட்டத்து முதலாளி மோட்டார் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “யாரும்மா நீ? இங்க எதுக்கு வந்த?” என்றார். இன்னாருடைய தங்கை என்று சொன்னேன். குழந்தைக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி, குடத்தைக் கிணற்று மேட்டில் இறக்கி வைத்தேன்.