நான் விட்ட நுனி

அண்ணா எங்களை விட்டுப் போய் முப்பத்தொரு நாட்களாகின்றன. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரது காரில் ஒரு தடவையாவது ஏறியிருப்பீர்கள். அதன் வலப்பக்கம் ஏன் மொட்டையாக இருக்கிறது என்று கேட்டும் இருப்பீர்கள். அவர் யாருக்கும் முழுப் பதில் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

தலைமன்னார் துறையடியில் பிறந்தவர் அண்ணா. எங்களைப் பெற்ற ஐயா கப்பலில் மூட்டை ஏற்றிய காலத்தில், தம்பியாவது படிக்கட்டும் என்று தன் படிப்பை நிறுத்திவிட்டுக் கார் திருத்தும் கராச்சில் வேலை பழகினார். கப்பல் ஓட்டம் நின்று துறை வெறிச்சோடிய பின், எருக்கலம்பிட்டியில் ஒரு வளவுக்குள் கோழிகள் அடைகாத்துக் கொண்டிருந்த ‘ஏ போட்டி’ ரகப் பழைய காரை வாங்கி வந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரோ இரண்டு வருடம் தகரம் அடித்து, துரு சுரண்டி, கரும்பச்சை பூசி, அதைக் காராக்கிவிட்டார்.

மிஞ்சியிருந்தது பீடிங். முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை கதவுகளின் மேல் ஓடும் வெள்ளிப் பட்டி அது. அதை நேராகப் பூட்ட மீன்பிடிக்கிற தங்கூசி நூலை இழுத்துக் கட்டுவார். கடற்காற்றில் கிளிப் பூட்டும் ஓட்டைகள் துருப்பிடிக்காமலிருக்க, மடுக் கோவிலிலிருந்து கொண்டுவந்த மெழுகுதிரிக் கட்டைகளை உருக்கி அடைப்பார். அதன்பின் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னாலிருந்து கிளிப்பை அழுத்திவர, மற்றவர் பின்நுனியைத் தாங்க வேண்டும். நுனி விழுந்தால் பட்டி மடிந்துவிடும். இடப்பக்கத்துக்கு நான்தான் பிடித்தேன்.

வலப்பக்கம் பூட்ட இருந்த தொண்ணூறாம் ஆண்டில் சண்டை மூண்டு ஊர் கலங்கியது. இராமேஸ்வரம் போக வள்ளம் ஆயத்தமாகிவிட்டது. ஐயா பாயில் கிடந்தார். "ஐயாவை வள்ளத்தில ஏத்தேலாது. நான் நிக்கிறன், நீ உன்ர பிள்ளையளைக் கொண்டு போ" என்றார் அண்ணா. பிறகு பட்டியை எடுத்து, "பத்து நிமிசம் தம்பி, இந்த நுனியைப் பிடி" என்றார்.

பிடித்தேன். பாதியில் கரையிலிருந்து கூப்பிடும் சத்தம் கேட்டது. எனக்கு மூக்கின் மேல் கோபம். "சனமெல்லாம் வள்ளமேறுது, உங்களுக்குக் காருக்கு மினுக்கம் கேக்குதோ அண்ணா?" என்று கத்திவிட்டு நுனியைக் கைவிட்டேன். பட்டி மடிந்தது. அண்ணா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கவனமாப் போ" என்றார். அவ்வளவுதான்.

நான் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்த பன்னிரண்டு வருடமும் அந்தக் கார் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடியது. பிரசவ வலியில் துடித்தவர்களையும் காய்ச்சலில் கிடந்த குழந்தைகளையும் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. ஐயாவை அடக்கம் செய்யச் சேமக்காலைக்குக் கொண்டு போனதும் அதுதான். நான் இல்லை. சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் காரைச் சுற்றிப் பார்த்து, "மத்தப் பக்கம் எங்க?" என்று பகிடி பண்ணுவார்களாம். "ஆள் வரவேணும்" என்பாராம் அண்ணா.

ஆள் வந்தது. அதன் பிறகு ஐந்து வருடம் ஒரே வளவில் இருந்தோம். அந்தப் பட்டி எங்கே என்று நான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. முதலில் வெட்கம், பிறகு அதுவே பழகிவிட்டது. அண்ணாவும் கேட்கவில்லை. நெஞ்சுவலி வந்த அன்றும் அவரை அந்தக் காரிலேயே கொண்டு போனேன். வலப்பக்கக் கதவைத் திறந்து ஏற்றியவனும் நான்தான்.

போன கிழமை காரைக் கழுவும்போது, பின் இருக்கைக்கு அடியில் பழைய சாரத் துணியில் சுற்றிய பட்டி கிடைத்தது. மடிப்பு இருந்த இடம் தெரியாமல் தட்டி நிமிர்த்தியிருந்தார். கூடவே கிளிப்புகளும் ஒரு மெழுகுதிரிக் கட்டையும் இருந்தன.

அண்ணி கண்ணைத் துடைத்தபடி சொன்னார்: "நான் பிடிக்கிறன் எண்டு எத்தினை தரம் கேட்டனான். 'வேண்டாம், அது தம்பீன்ர நுனி' எண்டிட்டார்."

அண்ணாவின் இறுதி நாட்களில் இரவு பகலாக நின்ற அயலவர்களுக்கும், திருப்பலி நிறைவேற்றிய தந்தைக்கும், சோறாக்கித் தந்த கைகளுக்கும், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இன்று கோவில் வாசலில் நிற்கும் காரின் வலப்பக்கத்தைப் பாருங்கள். அண்ணி முன்னாலிருந்து அழுத்த, நான் பின்நுனியைப் பிடித்துப் பூட்டினோம். பட்டி கொஞ்சம் சரிந்துதான் இருக்கிறது. பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை, அண்ணா.