சரளைச் சரிவில் கொமகுசா

மிசோ சூப்பில் உப்பு கரித்தது. மலைக்குடிலில் காலை உணவுக்கு உட்கார்ந்தவர்கள் மரியாதைக்காகக் குடித்து வைத்தார்கள். முதலாளி தத்சுரோ மட்டும் சும்மா இருக்கவில்லை.

"என்ன மிசாவோ அக்கா, கடலையே காய்ச்சி ஊத்திட்டீங்களா? கை அடுப்புல இருக்கு, மனசு எங்க போச்சு?"

மிசாவோவின் மனசு வெளியே சரளைச் சரிவில் இருந்தது. இருபத்தாறு வருடமாக அங்கேதான் இருந்தது.

அவள் கணவன் கனேதோ இந்தக் குடிலுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் முதுகில் சுமந்து வந்தவன். ஓர் அக்டோபரில் பனிப்புயல் முந்திக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் அந்தச் சரிவில்தான் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள். அடுத்த கோடையில் மிசாவோ இங்கே சமையலுக்குச் சேர்ந்தாள். வடக்கே தங்கள் சொந்த மலையிலிருந்து கொமகுசா என்ற மலைப்பூவின் விதைகளைத் தேயிலை டப்பாவில் கொண்டுவந்து, அவன் கிடந்த இடத்தில் யாருக்கும் தெரியாமல் தூவினாள்.

உருளும் கல்லும் ஓயாத காற்றும்தான் அந்தப் பூவுக்குத் தாய்வீடு. வேர்விட்டது. சில வருடங்களில், குதிரைக்குட்டியின் முகம் போன்ற இளஞ்சிவப்புப் பூக்கள் சரிவெங்கும் தலைகுனிந்து நின்றன. மலையே தந்த வரம் என்று தத்சுரோ அந்தப் பூவைத் தோள்துண்டுகளில் அச்சிட்டு விற்றான். அவள் வாய் திறக்கவில்லை.

இப்போது பேராசிரியர் அகுட்சு வந்து இரண்டு நாளாகச் செடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு சின்ன மஞ்சள் பூ இருக்கே, அது உலகத்துல வேற எங்கயும் கிடையாது. பத்து வருஷத்துல பாதியாயிடுச்சு, கொமகுசா அதோட இடத்தைப் பிடிச்சுக்கிட்டே வருது. கொமகுசாவும் இந்த மண்ணுதான்னா நாம தொடக்கூடாது. யாராவது கொண்டுவந்து போட்டதுன்னா, பிடுங்கியாகணும்."

"அக்காவைக் கேளுங்க ஐயா. அரிசிப் பானைக்கு அடுத்தபடி இங்க பழசு அவங்கதான்" என்றான் தத்சுரோ.

எல்லோரும் சிரித்தார்கள். 'தெரியாது' என்று ஒரு சொல் போதும். மிசாவோவின் பூக்கள் பிழைத்துவிடும். சொல்ல வாயெடுத்தபோது கனேதோவின் நடை நினைவுக்கு வந்தது. முதுகில் நாற்பது கிலோவோடு மூச்சுவாங்க ஏறும்போதும், அவன் அந்த மஞ்சள் பூவை மிதிக்காமல் சுற்றித்தான் போவான்.

"நான்தான் போட்டேன்" என்றாள். "அவர் கிடந்த இடத்துல."

தத்சுரோ கழுத்திலிருந்த பூப்போட்ட துண்டை மெல்ல உருவி மடியில் வைத்துக்கொண்டான்.

"கனேதோ அண்ணன் கிடந்த இடம் இதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? தினம் அந்தப் பக்கம் சீட்டியடிச்சுக்கிட்டே போனேனே அக்கா."

பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். "ஆட்களை அனுப்பறோம். நீங்க பார்க்க வேணாம்மா."

"முதல்ல போட்ட இடம் எனக்குத்தான் தெரியும். நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்."

சரிவில் மண்டியிட்டாள். செடி இரண்டு விரல் உயரம். கல்லை விலக்க விலக்க வேர் முழங்கை ஆழத்துக்குப் போனது, அப்போதும் முடியவில்லை. கண்ணீர் மறைத்தது. இழுத்தால் அறுந்துவிடுமோ, பாதி உள்ளேயே தங்கிவிடுமோ என்று பதறி, ஒவ்வொரு கல்லாக எடுத்தாள்.

முழங்காலுக்கு அருகில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை நகர்த்தி வைத்தாள்.