அடிபட்டது யார் என்று கேட்ட பேருந்து

பிப்ரவரி முதல் வாரத்தில் ஓசூர்ப் பக்கம் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "அங்க என்ன இருக்கு, கம்பெனிதானே?" நாமக்கல்லில் கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை தனியாக, பேருந்திலேயே போய் வருவதைத்தான் இந்த வலைப்பூவில் எழுதுகிறேன். இந்த முறை திட்டம் எளிது. பேரிகையில் காதலர் தினத்துக்கு முந்தைய ரோஜா அறுவடையைப் பார்ப்பது, ஓசூர் வழியாகத் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி தாண்டி நாட்றாம்பாளையம் வரை மலை ஏறுவது, மூன்றாம் நாள் திரும்புவது. போய் வந்துவிட்டேன். ரோஜாவும் மலையும் அழகுதான். ஆனால் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியும் கோபம் இறங்கவில்லை. அதனால் இந்தப் பதிவின் பெரும்பகுதி நெடுஞ்சாலையில் நின்றுபோன ஒரு பேருந்தைப் பற்றியது. பயணத் தகவல் மட்டும் வேண்டுபவர்கள் கடைசிக்குப் போய்விடலாம். போகாமல் இருந்தால் நல்லது.

முதல் நாள் இரவு கிருஷ்ணகிரியில் தங்கிவிட்டு, காலை ஐந்தரைக்குச் சூளகிரி பேருந்தில் ஏறினேன். அங்கிருந்து பேரிகை பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஏழு மணிக்கெல்லாம் பசுமைக்குடில்களில் வேலை பாதி முடிந்திருந்தது. மொட்டு விரியாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் வலைத்தொப்பி மாட்டியிருந்தார்கள். மேற்பார்வையாளரிடம் கேட்டால் உள்ளே விடுகிறார்கள். பூவைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். கடைத்தெருவில் காலையிலேயே ராகிக் களியும் கீரைக் குழம்பும் கிடைத்தன. பக்கத்து இலைக்காரர் தெலுங்கில் குழம்பு கேட்டு, கன்னடத்தில் போனில் யாரையோ திட்டிவிட்டு, என்னிடம் தமிழில் "தண்ணி வேணுங்களா?" என்றார். அதுவரைக்கும் நல்ல பயணம்.

சூளகிரிக்குத் திரும்பி பத்து இருபதுக்கு ஓசூர் பேருந்தில் ஏறினேன். இருபத்தைந்து கிலோமீட்டர், வழக்கமாக முக்கால் மணி நேரம். என் பக்கத்தில் ராஜேஸ்வரி என்று ஓர் அம்மா. ஓசூரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போகிறவர். மடியில் எள்ளுருண்டை டப்பா. "ரெண்டு மாசமாச்சு கம்பெனியில சேர்ந்து. சனிக்கிழமையில கூட லீவு தர மாட்டேங்கறாங்களாம், அதான் நானே போறேன்" என்றார். எதிர் இருக்கையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். வீட்டு மனை விற்கிறவர் என்று, யாரும் கேட்காமலே, சொல்லிக்கொண்டார்.

மூக்கண்டப்பள்ளிக்கு அரைக் கிலோமீட்டர் முன்பாக வண்டி நின்றது. முன்னால் லாரிகள், கார்கள், கம்பெனி வேன்கள். நடத்துநர் எட்டிப் பார்த்துவிட்டு, "மறியல். எறங்கறவங்க எறங்கிக்கங்க, இப்போதைக்கு நகராது" என்றார்.

எதற்கு மறியல்? யாருக்கும் தெரியாது. பின் இருக்கையிலிருந்து முதல் தகவல் வந்தது: குடிதண்ணீர் வரவில்லையாம். உடனே பேருந்து இளகியது. "பாவம், தண்ணி இல்லாம எப்படி இருப்பாங்க" என்றது ஒரு குரல். "எங்க தெருவுலயும் இதே கதைதான், உக்காந்தாத்தான் ஆபீசருங்க வருவாங்க" என்றது இன்னொன்று. இரண்டு பேர் இறங்கிப்போய்க் கூட உட்காரலாமா என்றுகூடப் பேசினார்கள். ராஜேஸ்வரி அம்மா டப்பாவைத் திறந்து எனக்கு ஓர் உருண்டை கொடுத்தார்.

பத்து நிமிடத்தில் இரண்டாவது தகவல். தண்ணீர் இல்லை, ஏதோ கட்சி விவகாரம். வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "நான் அப்பவே நெனச்சேன். ஆளுக்கு முந்நூறு, மத்தியானம் பிரியாணி. வேலைவெட்டி இல்லாதவங்களுக்கு இதான் பொழப்பு." சன்னல் வழியாகப் போனை நீட்டிப் படம் பிடித்து, அதையே குரலாகவும் பதிந்து, யார்யாருக்கோ அனுப்பினார். கூட உட்காரலாமா என்று கேட்ட அதே இரண்டு பேர் இப்போது, "தூக்கி வேன்ல போடாம போலீஸ் என்ன பண்ணுது?" என்றார்கள். சாலையில் உட்கார்ந்திருந்தவர்கள் மாறவில்லை, அவர்களுடைய கோரிக்கையும் மாறவில்லை. ஒருவரும் இறங்கிப்போய்க் கேட்கவும் இல்லை.

மூன்றாவது தகவல் பக்கத்து லாரி கிளீனர் வழியாக வந்தது. முந்தின நாள் மாலை கம்பெனி விட்டு வந்த ஒரு பெண், சாலையைத் தாண்டும்போது லாரி அடித்துவிட்டது. யாரோ அதோடு சேர்த்துச் சொன்னார்கள்: தமிழ்ப் பெண், கர்நாடக லாரி.

அவ்வளவுதான். அரை மணி நேரமாக இருக்கையை விட்டு அசையாத ஆண்கள் ஏழெட்டுப் பேர் தடதடவென்று இறங்கினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்தான் முதலில். வரிசையில் நின்றிருந்த ஒரு கர்நாடகப் பதிவெண் லாரியைச் சூழ்ந்துகொண்டு கதவை அறைந்தார்கள். ஒருவர் கையில் கல் இருந்தது. நானும் பையோடு இறங்கினேன், ராஜேஸ்வரி அம்மாவும் டப்பாவோடு என் பின்னால் வந்தார். ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைகூப்பி, உடைந்த தமிழில், "நான் இல்ல சார், நான் சென்னையில இருந்து வர்றேன், ஊருக்குப் போறேன் சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு முன்பக்கமிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். நீலச் சீருடை மேல்சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் லாரிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். பெயர் எஸ்தர் என்பதும், தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து பன்னிரண்டு ஆண்டாக இங்கே வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறார் என்பதும் பிறகு தெரிந்துகொண்டது.

"கல்லக் கீழ போடுங்கண்ணே. இவர் என்ன செஞ்சாரு?"

"நம்ம பொண்ண அடிச்சிட்டுப் போயிருக்கான், நீ என்னம்மா அவனுக்கு வக்காலத்து?" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

"அடிச்சது நம்மூர் லாரிண்ணே. கிருஷ்ணகிரி வண்டி. டிரைவர் ஸ்டேஷன்ல இருக்காரு. அவர் மேலயும் முழுத் தப்பில்ல. அந்த இடத்துல லைட்டே கெடையாது, ஷிப்டு விட்டா ஆயிரம் பேரு இருட்டுல தாண்டுதோம்."

"பொண்ணு?"

"சுனிதா. ஜார்க்கண்ட் புள்ள. எங்க லைன்லதான் நிக்கா. கால் ரெண்டும் போச்சு, ஆபரேசன் நடக்கு."

அந்தக் கணத்தை எப்படி எழுதுவதென்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். கல் வைத்திருந்தவர் அதைக் கீழே போட்டார். வெட்கப்பட்டுப் போடவில்லை; இனி அது தேவையில்லை என்பதுபோலப் போட்டார். "வடக்கத்திப் பொண்ணா?" என்றார் ஒருவர். "இதுக்கா ரோட்ட மறிச்சீங்க?" என்றார் இன்னொருவர். வெள்ளைச் சட்டைக்காரர் கையைத் தட்டிக்கொண்டு பேருந்தைப் பார்த்து நடந்தார். எல்லோரும் பின்னாலேயே போய் அவரவர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். அதே சாலை, அதே இருட்டு, அதே இரண்டு கால்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்பு அந்தக் கால்களுக்காக ஓர் அப்பாவியைக் கொல்லத் தயாராக இருந்தவர்களுக்கு, இப்போது தண்ணீர்ப் பாட்டில் எடுத்துக்கொடுக்கக்கூட மனம் வரவில்லை.

நான் பேருந்துக்குத் திரும்பவில்லை. எஸ்தர் பின்னால் போனேன், ராஜேஸ்வரி அம்மாவும் கூட வந்தார். இவ்வளவு வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தவர்கள் மொத்தம் பதினான்கு பெண்கள். பிளாஸ்டிக் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரம் பேர் தாண்டுகிறீர்கள் என்றீர்களே, மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன்.

"யாரு வருவா? உள்ளூர்க்காரங்க, 'நீங்க வாடகைக்கு இருக்கவங்க, நாளைக்குப் போயிருவீங்க, உங்களுக்கு எதுக்கு'ங்காங்க. எங்காளுங்க, 'இது நம்ம ஊரா, எதுக்கு வம்பு'ங்காங்க. கம்பெனியில போய்ச் சொன்னா, கேட்டுக்கு வெளிய நடக்கறது அவங்க பொறுப்பில்லையாம். வடக்கு புள்ளைங்களுக்குக் கேஸ் ஆயிருமோன்னு பயம். போன வருசம் எங்க ராமநாதபுரத்து அக்கா ஒருத்திக்கு இதே எடத்துல கை ஒடிஞ்சது. அப்பவும் லைட்டும் நடைமேம்பாலமும் கேட்டு மனு குடுத்தோம். அப்ப இவ்வளவு பேருகூட வரல."

ராஜேஸ்வரி அம்மா முன்னால் நகர்ந்து வந்தார். "எம் பொண்ணும் நீல சட்டைதான் போடறா. எந்த எடத்துல தாண்டுவீங்க?" என்றார். எஸ்தர் கையைக் காட்டினார். நடுத்தடுப்பில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி; அந்தப் பக்கம் கம்பெனிகளுக்குப் போகும் சாலை, இந்தப் பக்கம் தொழிலாளர் குடியிருப்பு. அந்த அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பதினைந்தாவது ஆள்.

எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதினால் பாதிப் பொய். கோபமும் வந்தது. மகள் அங்கே வேலை செய்யாவிட்டால் இந்த அம்மா பேருந்துக்குத்தானே திரும்பியிருப்பார்? ஒரு பெண்ணின் கால் நசுங்கியது தப்பு என்று தெரிய, அவள் நம் வீட்டுப் பெண்ணாக, நம் மொழிப் பெண்ணாக இருந்துதான் ஆகவேண்டுமா? ஆனாலும் அவர் உட்கார்ந்தார். பேருந்திலிருந்து வேறு ஒருவரும் உட்காரவில்லை. நானும் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டே காலுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். மாலைக்குள் விளக்கும், ஷிப்டு நேரத்தில் ஒரு காவலரும் போடுவதாகச் சொன்னார். எழுதித் தாருங்கள் என்றார் எஸ்தர். எழுதித் தரமுடியாது என்றார் அவர். கால்மணி நேரம் இப்படியே போனது. பிறகு பதினாறு பேரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். வேனைத் தாண்டிப்போன எங்கள் பேருந்திலிருந்து யாரோ விசிலடித்தார்கள். மண்டபத்தில் ராஜேஸ்வரி அம்மா எள்ளுருண்டையைப் பாதி பாதியாக உடைத்துப் பங்கு வைத்தார். மகளுக்கு மிச்சமில்லை. "அவகிட்ட விசயத்தைச் சொன்னா திட்டுவா" என்று அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தோம். ஐந்து மணிக்கு விட்டுவிட்டார்கள்.

அன்றிரவு தேன்கனிக்கோட்டை விடுதியில், சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்தவர் தன் போனைக் காட்டினார். வெள்ளைச் சட்டைக்காரர் எடுத்த அதே படம், அதே குரல்: ஆளுக்கு முந்நூறு, மத்தியானம் பிரியாணி. "பாத்தீங்களா மேடம், இப்படித்தான் ஊரக் கெடுக்கறாங்க." நான் அங்கே இருந்தேன், அப்படி எதுவும் நடக்கவில்லை என்றேன். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம்ங்க, ஆனா பொதுவா இப்படித்தானே நடக்குது" என்றார். நேரில் இருந்தவள் சொல்வதைவிட, எங்கோ இருந்தபடி அவர் ஏற்கெனவே நம்பியதுதான் அவருக்கு உண்மை. சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் அஞ்செட்டி வழியாக நாட்றாம்பாளையம். காட்டை ஒட்டிய சாலை, வளைவுகள் அதிகம், பனி விலக ஒன்பதாகும். காட்சியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம், மனமில்லை. தேநீர்க் கடைக்காரர் நான் ஓசூர் வழியாக வந்ததைக் கேட்டு, "அந்த பிரியாணி மறியல்ல மாட்டினீங்களா?" என்றார். சரியாகச் சிக்னல் கிடைக்காத மலைக்கும் அது ஏறி வந்துவிட்டது. நடந்ததை முழுக்கச் சொன்னேன். டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சாயங்கால பஸ்ஸ நிறுத்திட்டாங்க. பொம்பளப் புள்ளைங்க ஸ்கூல் விட்டு யானை வர்ற ரோட்டுல நடந்து வருதுங்க. மறியல் பண்ணலாம்னு போன வாரம்தான் பேசினோம். இந்த வீடியோவப் பாத்துட்டு, 'நம்மளையும் இப்படித்தான் பேசுவானுங்க'ன்னு ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க."

சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒருவர் சொன்ன ஒரு வார்த்தை, எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மலைக் கிராமத்தை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டது. அவருக்கு இது தெரியப்போவதே இல்லை. என் கோபம் இறங்காததற்கு இதுதான் காரணம்.

திரும்பும்போது மூக்கண்டப்பள்ளியில் இறங்கினேன். அந்த இடைவெளியில் ஒரு விளக்கு வந்திருந்தது. ஒரு தடுப்பும், ஊர்க்காவல் படைக்காரர் ஒருவரும். நடைமேம்பாலம் பற்றிப் பேச்சில்லை. சுனிதாவுக்கு ஒரு காலைக் காப்பாற்றிவிட்டார்கள், இன்னொன்று முழங்காலுக்குக் கீழே இல்லை. கம்பெனி வாசலில் எஸ்தரைப் பார்த்தேன். "எங்கள வேற லைனுக்கு மாத்திட்டாங்கக்கா. தனித்தனியா. ஆனா நேத்து சாயங்காலம் அந்த லைட்டுக்குக் கீழ ஊர்க்காரங்களும் எங்க கூடத்தான் தாண்டுனாங்க" என்றார். இருவரும் சேர்ந்து சாலையைத் தாண்டினோம். பாதியில், வேகம் குறைக்காமல் வந்த ஒரு காருக்காக நின்று, பிறகு ஓடினோம்.

இனி தகவல்கள். சேலம் – கிருஷ்ணகிரி பேருந்தில் இரண்டரை மணி நேரம், நூறு ரூபாய்க்குப் பக்கம். பேரிகைக்கு அதிகாலையில் போங்கள், எட்டுக்கு மேல் பூ வண்டிகள் கிளம்பிவிடும். நாட்றாம்பாளையத்துக்கு மதியத்துக்குள் போய் மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். மாலைப் பேருந்து இல்லை. வழியில் மறியல் இருந்தால் முன்னால் நடந்துபோய் என்னவென்று அவர்களிடமே கேளுங்கள். கேட்டபிறகு திட்டவேண்டுமானால் திட்டுங்கள். காரில் வருகிறவர்கள் ஷிப்டு விடும் நேரத்தில் மூக்கண்டப்பள்ளியைக் கடக்க நேர்ந்தால் வேகத்தைக் குறையுங்கள். தாண்டுவது எந்த ஊர்ப் பெண் என்று அந்த வேகத்தில் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. தெரியவும் வேண்டாம்.